பெயரில்லாத விளி

கம்ப்யூட்டரின் எழுத்து வரிசையில் ஏழாம் இடத்தில் இருப்பது ஒரு மணி. 1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறியீட்டில் 65 என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் முதலாவது. 48 என்றால் பூஜ்யம். 32 என்றால் வெற்றிடம். 32-க்குக் கீழே இருப்பவை காகிதத்தில் விழாதவை. வரியை முடி, தாளை ஏற்று, ஓர் எட்டு பின்னால் போ என்கிற மாதிரியான ஏவல்கள். இயந்திரம் ஏவலைக் கேட்டுக் காரியத்தைச் செய்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடும். 7-ஐயும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அது இயந்திரத்தைக் கூப்பிடுவதில்லை. இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டிய, அநேகமாக அந்த நேரத்தில் அங்கே இல்லாத, ஓர் ஆளைக் கூப்பிடுகிறது.

மணி ஆஸ்கிக்கும் முந்தியது. தந்தி இயந்திரங்களில் உபயோகத்திலிருந்த ஐந்து துளைக் குறியீட்டிலேயே அதற்கு ஓர் இடம் இருந்தது. 1963-இல் வந்த டெலிடைப் 33 என்ற இயந்திரத்தில் ஜி எழுத்துச் சாவியின் தலையில் 'பெல்' என்று பொறித்திருந்தார்கள். கன்ட்ரோல் சாவியோடு சேர்த்து அதை அழுத்தினால், கம்பியின் மறுமுனை இருநூறு மைலுக்கு அப்பால் இருந்தாலும், அங்கே இயந்திரத்துக்குள் இருக்கும் நிஜமான உலோக மணியை ஒரு சிறு சுத்தி தட்டும். செய்தி நிறுவனங்களின் டெலிபிரிண்டர்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவசரச் செய்திக்கு முன்னால் மணி பல தடவை அடிக்கும். உதவியாசிரியர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவார். தாளைக் கிழித்துக் கோப்பில் வைத்தால் செய்தி மிஞ்சும், கூப்பிட்டது மிஞ்சாது.

நம் இலக்கணக்காரர்களிடம் இந்த ஏழாம் எழுத்தைக் கொடுத்திருந்தால் எங்கே வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எழுத்ததிகாரத்தில் வைக்க முடியாது. வடிவு இல்லை. ஆய்தத்துக்குக்கூட மூன்று புள்ளிகள் உண்டு. சொல்லதிகாரத்தில்தான், விளிமரபில்தான், இடம் கொடுத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. மற்ற ஏழு வேற்றுமைகளும் பெயரை வினையோடோ இன்னொரு பெயரோடோ ஏதோ ஒரு விதத்தில் முடிச்சுப் போடுகின்றன. எட்டாவதான விளி மட்டும் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறது. கூப்பிட்டு முடித்த பிறகுதான் வாக்கியம் ஆரம்பமாகிறது. ஆனால் விளி என்பது பெயர் அடைகிற ஒரு மாற்றம். கண்ணன் கண்ணா ஆவான், தங்கை தங்காய் ஆவாள். பெயர் இல்லாமல் விளி இல்லை. 'அவன்' என்பதை வைத்துக்கொண்டு யாரையும் கூப்பிட முடியாது. இலக்கணமே விளி ஏலாப் பெயர் என்று அதை ஒதுக்கிவிட்டது. ஏழாம் எழுத்து இந்த விதியை மீறியது. பெயரைக் கழற்றி எடுத்துவிட்டு விளியை மட்டும் வைத்துக்கொண்டது. அழைப்பு இருக்கிறது, அழைக்கப்பட்டவன் யார் என்பது இல்லை. காதில் விழுந்தவன் எவனோ அவன்.

இந்த எண்ணத்தை நான் ஒரு புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. சில மாதங்களுக்கு முன் லினக்ஸ் கன்சோலின் மணியைக் குறைக்க வேண்டிய அவசியம் வீட்டில் ஏற்பட்டது. அதற்கான கட்டளையைக் கற்றுக்கொண்ட இரவுகளில் வந்தது இது.

கன்சோல் என்று சொல்வது ஜன்னல்களும் படங்களும் இல்லாத, எழுத்து மட்டுமே உள்ள கறுப்புத் திரையை. இப்போதைய கம்ப்யூட்டர்களிலும் அது உள்ளே இருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட் சாவிகளோடு மேல் வரிசைச் சாவி ஒன்றை அழுத்தினால் வெளிப்படும். வழக்கமாக ஆறு கன்சோல்கள். இயந்திரத்துக்குள் அவற்றுக்கு டிடிஒய் என்று பெயர். டெலிடைப் என்பதன் சுருக்கம்தான் அது. டெலிடைப் மியூசியத்துக்குப் போய்விட்டது, பெயர் போகவில்லை. இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் நின்றது. என் மேஜை மேல் தந்தியின் மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.

சிறுபத்திரிகைகளுக்கு ஒரு சுட்டி தயாரிக்கிறேன். 'எழுத்து', 'கசடதபற' என்று ஆரம்பித்து, கைக்குக் கிடைத்த இதழ்களிலிருந்து, எழுதியவர் பெயர், தலைப்பு, மாதம். இரண்டாம் கையாக வாங்கின பழைய மேஜைக் கம்ப்யூட்டர். அதில் ஜன்னல்களைத் திறந்தால் மூச்சு வாங்கும், கன்சோலில் ஓடும். ஒரு தொந்தரவு உண்டு. கன்சோலில் தமிழ் தெரியாது. அதன் எழுத்துக் கிடங்கில் மொத்தம் 512 வடிவங்களுக்குத்தான் இடம். தவிர, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற அச்சுக்கோப்பு முறையைத் தாண்ட அதற்குத் தெரியாது. 'கொ' என்றால் ககரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பிரித்துப் போட வேண்டும் என்பதெல்லாம் அதன் சக்திக்கு மீறினது. அதனால் சுட்டியை ஆங்கில எழுத்தில் தட்டுகிறேன். கசடதபற என்று வல்லின மெய்களை வரிசையாக வைத்துப் பத்திரிகைக்குப் பெயர் சூட்டினவர்களின் சாமர்த்தியம் ஆங்கில எழுத்தில் என்ன கதியாகிறது என்பதைத் தனியாக எழுதலாம்.

கன்சோலில் மணி அடிப்பதற்குப் பெரிய காரணங்கள் வேண்டாம். காலியான வரியில் அழிப்புச் சாவியை அழுத்தினால் அடிக்கும். பாதிப் பெயரைத் தட்டி மீதியை அதுவே நிரப்பட்டும் என்று டாப் சாவியை அழுத்தினால், பொருத்தமான பெயர் ஒன்றுக்கு மேல் இருக்கும் பட்சத்தில் அடிக்கும். விஐ என்ற பழைய எழுத்துக்கருவியில், கட்டளைக்காகக் காத்திருக்கும் நிலையில் எஸ்கேப் சாவியைத் தட்டினால் அடிக்கும். கோப்பின் கடைசிக்கு வந்த பிறகும் கீழே போக முயன்றால் அடிக்கும். எழுத்தல்லாத ஒரு கோப்பை, ஒரு படத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தாகத் திரையில் கொட்டினால் உள்ளே எங்கெங்கே 7 இருக்கிறதோ அங்கெல்லாம் அடித்துக்கொண்டே போகும். வேறு ஏவல்களும் அதில் கலந்திருப்பதால் மணி ஓய்ந்த பிறகு திரை கிரேக்கமும் கோடுகளுமாக மாறிவிட்டிருப்பதும் உண்டு. படிக்கப்பட வேண்டியதும் கீழ்ப்படியப்பட வேண்டியதும் ஒரே வாய்க்காலில் வருவதால் ஏற்படும் விபரீதம் இது.

அந்த வாய்க்காலைத்தான் செட்டெர்ம் என்ற கட்டளையும் உபயோகித்துக்கொள்கிறது. 1990-இல் கோர்டன் இர்லாம் என்பவர் எழுதியது. லினக்ஸே அதற்கு அடுத்த வருஷம் பிறந்ததுதான். ஏதோ ஓர் அதிகாரத்தோடு உள்ளே புகுந்து எதையோ திருகுகிறது என்று முதலில் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நான் 'செட்டெர்ம் --பிலெங்த் 100' என்று தட்டினால் (இங்கே தமிழில் எழுதுகிறேன், கம்ப்யூட்டருக்கு ஆங்கிலச் சிற்றெழுத்து வேண்டும்) அது திரைக்குச் சில எழுத்துகளை எழுதுகிறது. முதலில் 27 என்ற எஸ்கேப், அப்புறம் ஓர் இடது சதுர அடைப்பு, 11, ஓர் அரைப்புள்ளி, 100, ஒரு வலது அடைப்பு. முடிந்தது. எஸ்கேப்பைப் பார்த்ததும் திரை வாசிப்பதை நிறுத்திவிட்டு, வருவதை ஏவலாக எடுத்துக்கொள்ளத் தயாராகிறது. மணியின் நீளம் இனி நூறு மில்லிசெகண்டு என்று குறித்துக்கொள்கிறது. 11-க்குப் பதில் 10 போட்டால் சுருதி. 9 போட்டால், எத்தனை நிமிஷம் யாரும் தொடாமல் இருந்தால் திரை அணைய வேண்டும் என்ற கணக்கு. செட்டெர்மே இல்லாமல் இந்த எழுத்துகளை நாமே எழுதி அனுப்பினாலும் இதே காரியம் நடக்கும். ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அதை யார் அவர் கன்சோலில் திறந்து காட்டினாலும் அவருடைய மணி மாறிவிடும். வாசகனை மாற்றுகிற எழுத்து என்று விமர்சகர்கள் நாம் இத்தனை காலமாகப் பேசி வந்ததற்கு, ஸ்தூலமான அர்த்தத்தில், எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் இதுதான்.

இந்த முறைக்கும் வயதாகிவிட்டது. எஸ்கேப் வரிசைகளை ஐரோப்பியர்கள் 1976-இல் தரப்படுத்தினார்கள், அமெரிக்கர்கள் 1979-இல். இடையில் 1978-இல் டிஜிட்டல் என்ற கம்பெனி விடி100 என்ற திரையை வெளியிட்டது. அதற்குப் பின் வந்த திரைகளெல்லாம் ஏறக்குறைய அதன் வாரிசுகள். அதில் 'செட் அப்' என்று ஒரு சாவி. அதை அழுத்தினால் திரையின் அடியில் பூஜ்யங்களும் ஒன்றுகளும் வரிசையாக நிற்கும். திரை கறுப்பா வெள்ளையா, வரி வழுக்கி ஏறுவதா குதித்து ஏறுவதா, சாவி தட்டும்போது டிக் என்று சத்தம் வேண்டுமா, ஓரம் நெருங்கும்போது டைப்ரைட்டர் மாதிரி மணி அடிக்க வேண்டுமா, ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். உட்கார்ந்திருப்பவன் தன் சௌகரியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். டெலிடைப்பில் இது கிடையாது. அங்கே சுத்தி எவ்வளவு பலமாகத் தட்டுமோ அவ்வளவுதான். பதினைந்து வருஷத்தில் மணியின் மீது ஓரளவு உரிமை அழைக்கிறவனிடமிருந்து அழைக்கப்படுகிறவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சரித்திரம் எழுதுகிறவர்கள் வேகத்தையும் நினைவகத்தையும் பற்றி எழுதி இதை விட்டுவிடுகிறார்கள்.

லினக்ஸ் கன்சோலின் மணி, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், 750 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு அடிக்கிறது. ஓசை வருவது உள்ளே இருக்கும் ஒரு சிறு ஸ்பீக்கரிலிருந்து. 1981-இன் ஐபிஎம் பிசியிலிருந்து தொடர்ந்து வரும் ஏற்பாடு அது. வினாடிக்குச் சுமார் 11,93,182 தடவை துடிக்கும் ஒரு கடிகாரத்தை ஏதாவது ஓர் எண்ணால் வகுத்துச் சுருதி உண்டாக்குவார்கள். 750 வேண்டுமென்றால் 1591-ஆல் வகுக்க வேண்டும். சதுர அலை என்பதால் ஓசைக்குப் பூசிமெழுகுதல் இல்லை. திடீரென்று இருக்கிறது, திடீரென்று இல்லை. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான். அதற்குச் சத்தம் குறைக்கும் திருகு எதுவும் கிடையாது. செட்டெர்மிலும் சத்தத்தின் அளவுக்கு ஒரு சொல் இல்லை. நீளமும் சுருதியும்தான் நம் கையில். நம் இலக்கணக்காரர்களும் இப்படித்தான் ஓசையை அளந்தார்கள். கண் இமைக்கும் நேரத்தை, விரல் நொடிக்கும் நேரத்தை மாத்திரை என்று வைத்துக்கொண்டு குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்றார்கள். தொலைவில் இருக்கிறவரைக் கூப்பிடும்போது ஓசை அளவு கடந்து நீளும் என்பதையும் விளிமரபில் சொல்லி வைத்தார்கள். எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதை வைத்து எவ்வளவு நேரம் கூப்பிடுவது என்பது முடிவாகிறது.

என் அப்பா முப்பத்தோரு வருஷம் ஓர் அலுவலகத்தில் பியூனாக இருந்தவர். அதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு ஸ்டூல். அறைக்குள் மேஜை விளிம்பில் ஒரு பொத்தான். அவர் தலைக்கு மேலே சுவரில் மணி. தூரம் அதிகமென்றால் எட்டு அடி. ஒரு தடவை அடித்தால் பியூன், இரண்டு தடவை அடித்தால் ஹெட்கிளார்க், மூன்று என்றால் ஸ்டெனோ. மூன்று வருஷத்துக்கு ஒருவராக மாறி வந்த அதிகாரிகளில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இரண்டு பேர். மற்றவர்களுக்குப் பெயர் தெரியாமல் இருந்திருக்காது. தேவைப்படவில்லை. பொத்தான் இருந்தது.

அவர் 2014-இல் ரிடையர் ஆனார். என் மேஜை இருக்கும் இடத்துக்கு அடுத்த அறையில் படுத்துக்கொள்கிறார். தூக்கம் மெல்லியது. பஸ் ஹாரனுக்கு எழுந்திருக்க மாட்டார், நாய்க்கு எழுந்திருக்க மாட்டார். கன்சோல் மணி அடித்தால் கட்டில் கிறீச்சிடும், இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையில் விழும் ஓசை கேட்கும். சில இரவுகளில் கதவு வரைக்கும் வந்துவிடுவார்.

"கூப்புட்டியா?"

"இல்லப்பா. மிஷின்."

"யாரைக் கூப்புடுது?"

"யாரையும் இல்ல. தப்பா ஒரு சாவிய அமுக்கினா அப்படிக் கத்தும். நீங்க படுங்க."

"தப்புக்கா மணி?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். அடுத்த மணிக்கு மறுபடியும் கால்கள் தரையில் விழும். பழக்கம் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். எனக்கு முடித்துவிட மனம் வரவில்லை. அவர் உடம்பில் ஒரு சுற்று முடுக்கப்பட்டிருக்கிறது. முடுக்கினவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு எங்கெங்கேயோ இருக்கிறார்கள். என் அழிப்புச் சாவி அந்தச் சுற்றை அவிழ்க்கிறது.

நானும் ஒன்றும் இதற்கு வெளியே நிற்கிறவனில்லை. வங்கிக் கிளையில் என் கவுன்டருக்கு மேலே டோக்கன் பலகை. நான் ஒரு பொத்தானை அழுத்தினால் எண் மாறும், மணி அடிக்கும், பெஞ்சில் இருக்கும் அத்தனை பேரும் கையிலிருக்கும் சீட்டைக் குனிந்து பார்ப்பார்கள். எண் என்பது பெயரில்லாத விளிக்குப் பொருத்தமான பெயர்தான். அந்த மணியின் நீளமும் சுருதியும் என் கையிலும் இல்லை, பெஞ்சில் இருப்பவர்கள் கையிலும் இல்லை.

கன்சோலை மௌனமாக்குவது சுலபம். நீளத்தைப் பூஜ்யம் என்று வைத்தால் போதும். அதற்கு முன்னால் வேறு வழிகளையும் பார்த்தேன். கூப்பிடுகிறவனையே அடக்குவது ஒரு வழி: கட்டளை வரியைப் படிக்கும் பகுதிக்கு 'இனி மணி அடிக்காதே' என்று அதன் சொந்தக் கோப்பில் எழுதி வைத்தால் அது 7-ஐ அனுப்பவே அனுப்பாது. ஆனால் விஐ அனுப்பும், மற்றவை அனுப்பும். ஒவ்வொருவனிடமும் தனித்தனியாகப் போய்க் கெஞ்ச வேண்டும். இன்னொரு வழி கண்ணுக்கான மணி. ஓசைக்குப் பதிலாகத் திரை ஒரு கணம் கறுப்பு வெள்ளையாகப் புரண்டு மீளும். காது கேளாதவர்களுக்கும் பலர் ஒன்றாக வேலை செய்யும் அறைகளுக்கும் நல்ல ஏற்பாடு. இருட்டு வீட்டில், ஒட்டுச் சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறவருக்கு, மின்னல் வெட்டின மாதிரி. ஒரே இரவில் அதைக் கைவிட்டேன். ஸ்பீக்கரை இயக்கும் பகுதியையே இயந்திரத்திலிருந்து கழற்றி எறிவது மூன்றாவது வழி. உபுண்டு மாதிரியான விநியோகங்கள் அந்தப் பகுதியை ஏற்றவே கூடாத பட்டியலில் வைத்துவிட்டன. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்த ஸ்பீக்கரே கிடையாது. அங்கே 7 வந்து சேருகிறது, ஒன்றும் நடப்பதில்லை. ஜன்னல்களுக்குள் திறக்கும் டெர்மினல்களிலும் செட்டெர்மின் மணிச் சொற்கள் செல்லுபடியாவதில்லை. அவை கன்சோலுக்கானவை.

கடைசியில் பூஜ்யம்தான் வைத்தேன். கன்சோலுக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் ஓடும் கோப்பில் அந்த வரியை எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றினதும் பழைய 750-க்குத் திரும்பிவிடும்.

மணிக்காகப் போனவன் திரைக்கான மற்றச் சொற்களையும் பார்த்தேன். எழுத்தின் நிறம், பின்புறத்தின் நிறம், எட்டு நிறங்களுக்குள். பாதி வெளிச்சம். முழுத்திரையும் தலைகீழ். துடிக்கும் கர்சரை மறைத்துவிடலாம். மறைத்துப் பார்த்தால் அடுத்த எழுத்து எங்கே விழப்போகிறது என்று தெரியாமல் எழுதுவது எப்படி இருக்கும் என்பது தெரிகிறது, ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. திரை அணைவதற்கு 0-லிருந்து 60 நிமிஷம் வரை வைக்கலாம். பூஜ்யம் என்றால் அணையாது. 2017 வரையில் லினக்ஸின் வழக்கம் பத்து நிமிஷத்தில் அணைப்பது. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே எழுத்து வெகுநேரம் நின்றால் அதன் வடிவம் கண்ணாடியில் வெந்து நிரந்தரமாகத் தங்கிவிடும், அதற்காக. குழாய்கள் போன பிறகும் சில வருஷம் அந்த வழக்கம் மட்டும் இருந்து, பிறகு எடுத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த சொல் 'எம்எஸ்ஜி ஆஃப்' என்பது. எழுதிக்கொண்டிருக்கும்போது இயந்திரத்தின் உட்கரு குறுக்கே புகுந்து திரையில் தன் சமாச்சாரங்களைச் சொல்வதை அது நிறுத்தும். இப்படி ஒரு வசதியைப் பதிப்பாளர்களோடு பேசும்போதும் வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் திருகிக்கொண்டிருந்தபோது கவிதை பற்றின ஒரு பழைய சந்தேகம் வேறு உருவில் வந்து நின்றது. சங்க அகப்பாட்டுகள் எல்லாமே கூற்று. தலைவியோ தோழியோ பாணனோ தேர்ப்பாகனோ யாரோ ஒருவர் எதிரே நிறுத்தப்பட்டிருக்கிறார், பெரும்பாலும் விளிக்கப்பட்டும் இருக்கிறார். கேட்கிறவர் இல்லாத பாட்டு அங்கே அபூர்வம். வாசகன் பக்கத்தில் ஒளிந்து நின்று ஒட்டுக்கேட்கிறான், அவ்வளவுதான். பக்திப் பாடல்களில் விளி இன்னும் உரக்க வந்தது. புதுக்கவிதை வந்தபோது யாப்பு போயிற்று என்றுதான் சண்டை போட்டார்கள். யாப்பைவிட முக்கியமாகப் போனது விளி. கவிதை யாரையும் கூப்பிடாமல் பேச ஆரம்பித்தது. நீளத்தைப் பூஜ்யமாக்கி வைத்துக்கொண்டது. அதில் வந்த அமைதிதான் அதன் சாதனை என்று இன்றும் நினைக்கிறேன். எழுபதுகளில் வானம்பாடிக்காரர்கள் விளியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்ததில் தவறில்லை, பொத்தானிலிருந்து விரலை எடுக்கத் தெரியவில்லை. லினக்ஸின் உட்கருவில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. மணியின் நீளத்தை 1999 மில்லிசெகண்டு வரை கேட்கலாம். 2000 அல்லது அதற்கு மேல் கேட்டால் இயந்திரம் தகராறு செய்வதில்லை, பிழை என்றும் சொல்வதில்லை. நீளத்தைப் பூஜ்யமாக எழுதிக்கொண்டு விடுகிறது.

மணியை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருக்கும். அப்பா பகலில் வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றார்.

"பொட்டி ரிப்பேரா? சத்தத்தையே காணோம்."

நிறுத்திவிட்டேன் என்றேன். எப்படி என்று கேட்டார். இவ்வளவு நேரம் அடி, இவ்வளவு கீச்சென்று அடி என்று எழுதிக் கொடுத்தால் கேட்டுக்கொள்ளும் என்றேன்.

"யார் எழுதிக் குடுத்தா?"

"நாமதான்."

"மணி அடிக்கிறவன் இல்ல?"

"இல்லப்பா. கேக்கறவங்க."

சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க, வெச்சுக் காட்டு" என்றார். 125 வைத்தேன். தலையை ஆட்டினார். 300. அதைக் கேட்டதும் சிரித்து, ஓர் அதிகாரியின் பெயரைச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அழுத்துவாராம். 80-க்கு இன்னொருவர்: பயந்த மனுஷன், பொத்தான் சுடும் என்கிற மாதிரி விரலை எடுத்துவிடுவார், சில நாள் மணி விழுந்ததா இல்லையா என்றே தெரியாது, எழுந்து போய் எட்டிப் பார்க்க வேண்டும். 900 வைத்தபோது சிரிக்கவில்லை. மறுபடி அடிக்கச் சொல்லிக் கேட்டார். "இன்னும் நீளம்" என்றார். 1500. "இன்னும்." 1999 வைத்தேன். இரண்டு வினாடி என்பது காகிதத்தில் சின்ன எண்; அறைக்குள் அது தீர்வதாக இல்லை. அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓய்ந்ததும் அந்த அதிகாரியின் பெயரை மட்டும் சொன்னார், கதை ஒன்றும் சொல்லவில்லை. நான்கு வருஷம் அவர் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்குச் சர்க்கரை கண்ட வருஷங்கள் அவை.

"இதுக்கும் மேல வெச்சா?"

2000 வைத்து அடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் அடித்தேன். என்னைப் பார்த்தார். அதற்கு மேலே போனால் அடிக்காது, அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"யாரு?"

லினக்ஸ் என்பது ஊர் ஊராக இருக்கிற பல பேர் சேர்ந்து எழுதுவது என்று எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். அதில் அவருக்கு சுவாரஸ்யம் இருந்ததாகத் தெரியவில்லை. "இன்னொரு தரம் அடி" என்றார். அடித்தேன். மூன்று நான்கு தடவை, அந்த ஓசை இல்லாததை அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே ஒரு மணியைத் தேர்ந்தெடுத்தார். சுருதியை இறக்கச் சொன்னார். 400-இல் வேண்டாமென்றார், 250-இல் வேண்டாமென்றார், 180-க்கு வந்ததும் சரி என்றார். நீளம் 60. மணி என்று சொல்ல முடியாது. மரப்பெட்டியை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டின மாதிரி இருக்கிறது. முழுக்க நிறுத்த வேண்டாமா என்று கேட்டதற்கு, "நீ ராத்திரி முழிச்சிருக்கறது தெரியணுமில்ல" என்றார்.

ஒவ்வொரு கன்சோலும் தன் மணியைத் தனியாக வைத்துக்கொள்ளும். நான்காவதில் இந்த 180-உம் 60-உம் இருக்கின்றன. சுட்டி வேலையை அதில்தான் செய்கிறேன். 1972-க்கு வந்திருக்கிறேன்.